மினியேச்சரில் பெயிண்ட் ஏன் இப்படி ஆனது? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மேசைப் போர் விளையாட்டுக்கான மினியேச்சரில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கை தானாக அடுத்த கோட் பெயிண்டைத் தேடிப் போகும். முதலில் அந்தக் கையை நிறுத்துங்கள். பொம்மை, பசை, பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு), பெயிண்ட், வார்னிஷ் என்று அடுக்கடுக்காக இருக்கிற சமாச்சாரம் இது. கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கில்தான் அதைச் சரிசெய்ய முடியும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் கோளாறு உள்ளேயே இருக்கும், முகமும் விரல்களும் மட்டும் மூடிப்போகும்.

அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பொம்மையில் தெரிகிற அறிகுறியைத் தேடிப் போங்கள். ஆனால் அதற்கு முன் பொம்மை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மருந்து அதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஸ்ப்ரூ என்கிற சட்டத்தோடு வருகிற கெட்டியான பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். வார்ஹாமர் பெட்டிகளும், பெர்ரி, வார்லார்டு போன்ற நாட்டிங்ஹாம் நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகளும் இந்த ரகம். ஈட்டியை வளைத்து விட்டதும் அது ரப்பர் மாதிரித் திரும்பி வந்தால் பிவிசி. ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசையும், போர்டு கேம் பெட்டிகளுக்குள் வருகிற பல பொம்மைகளும் அப்படித்தான். உள்ளங்கையில் கனத்தால் வெள்ளீயக் கலவை. லேசாக இருந்து, மெல்லிய முனை டப்பென்று ஒடிந்தால் ரெசின்.

டாங்கிக்குப் பக்கத்தில் சிப்பாய் சின்னப் பையன் மாதிரி நிற்கிறான்

அளவு பொருந்தவில்லை. போல்ட் ஆக்‌ஷன் போன்ற 28 மி.மீ. உயரப் பொம்மை விளையாட்டுகளுக்கு 1:56 வண்டி, அதாவது அசலில் 56-ல் ஒரு பங்கு அளவுள்ளதுதான் கணக்கு. நம் ஊர் மாடல் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 1:35, 1:48, 1:72. இதில் 1:48 லாரியை வேண்டுமானால் ஒப்பேற்றலாம். 1:35 டாங்கி மேசையில் வீடு மாதிரி நிற்கும், 1:72 பொம்மை வண்டி ஆகிவிடும். 28 மி.மீ. என்பதும் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. ஒருவர் பாதத்திலிருந்து கண்வரை அளப்பார், இன்னொருவர் உச்சந்தலைவரை. தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாகச் செய்யப்பட்ட ‘ஹீரோயிக்’ பாணிப் பொம்மைக்குப் பக்கத்தில் இயல்பான உடற்கட்டுள்ள பொம்மை நோஞ்சானாகத் தெரியும். ஒரே படைப்பிரிவில் இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பிரிவாக நிறுத்தினால் கண்ணுக்கு உறுத்தாது.

விலை ரொம்ப மலிவு, வந்த பிறகு ஏதோ இடிக்கிறது

அசல் நிறுவனம் பிளாஸ்டிக்கில் மட்டும் விற்கிற பொம்மை உங்களிடம் மஞ்சளித்த ரெசினில் வந்திருந்தால், அது நகல் வார்ப்பு. அசலின் மேல் அச்சு எடுத்து மறுபடி ஊற்றுவதால் ஒரு சுற்றுச் சிறிதாகிவிடும். அசல் கையை அதில் ஒட்டிப் பார்த்தால் தெரியும். வாள் நுனி, விரல் இடுக்கு போன்ற இடங்களில் காற்றுக்குமிழி ஓட்டைகளும் இருக்கும். ஓட்டையை எபாக்ஸி புட்டியால் அடைக்கலாம், அளவை ஒன்றும் செய்ய முடியாது. பணம் திரும்பக் கிடைக்கிற காலத்துக்குள் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்து ஆறு மாதம் கழித்துத் திறக்கிற பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் உண்டு, அது இங்கேதான் கழுத்தறுக்கும்.

வாள் வளைந்திருக்கிறது

ரெசினும் பிவிசியும் வெந்நீருக்கு வழிக்கு வரும். கொதித்து இறக்கிய தண்ணீரில் வளைந்த பாகத்தைச் சில நொடி முக்கி, மெதுவாக நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். பிவிசி கொஞ்ச நாளில் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும், இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரலாம். உலோகமாக இருந்தால் வெந்நீர் வேண்டாம். ஒரே தடவை, ஒரே பக்கமாக, மெதுவாக வளையுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும்.

3டி பிரிண்ட் பொம்மை பிசுபிசுவென்று ஒட்டுகிறது

ரெசின் முழுதாக இறுகவில்லை. இதன் மேல் பிரைமர் அடித்தால் பிரைமரும் பிசுபிசுக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, புற ஊதா விளக்கிலோ நல்ல வெயிலிலோ திருப்பித் திருப்பி வையுங்கள். கழுவிக் காயவைத்த பிறகும், சில வாரம் கழித்து ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் ஈரம் கசிந்தால், உள்ளே பொள்ளலாக அச்சடித்து வடிகால் துளை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அடியில் ஒரு சின்னத் துளை போட்டு உள்ளேயிருப்பதை வெளியேற்றிக் கழுவுங்கள். இறுகாத ரெசின் தோலில் படக் கூடாது. இறுகிய ரெசினையும் தண்ணீர் தொட்டே தேயுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பசை ஒட்டவில்லை, அல்லது ஒட்டிய இடத்தில் வெள்ளைப் படலம்

பிளாஸ்டிக் சிமென்ட் என்பது உண்மையில் பசையே இல்லை. பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் உருக்கி இரண்டு பாகங்களையும் ஒன்றாக்குகிற கரைப்பான் அது. ரெசின், உலோகம், பிவிசி எதிலும் அது வேலை செய்யாது, எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் சரி. அவற்றுக்கு ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட் வேண்டும்.

அந்த ரகப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. கடலோர ஊர்களில் சட்டென்று பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். அதே ஈரத்தால், பசை அதிகமாகி மூடிய இடத்தில் வைத்தால், ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளைப் படலமாகும். பிரைமருக்கு முன்னால் என்றால் கவலை இல்லை, பெயிண்ட் மூடிவிடும். கண்ணாடி மாதிரியான பாகத்தில் மட்டும் இந்தப் பசையைத் தொடாதீர்கள். அங்கே ஒரு சொட்டு ஃபெவிகால் போதும். அது காய்ந்தால் நிறமில்லாமல் போகும்.

கனமான உலோகக் கை மறுபடி மறுபடி விழுந்தால் பசையை மாற்றிப் பிரயோஜனமில்லை. கையால் சுழற்றுகிற துளைக்கருவியால் 1 மி.மீ. ஓட்டை இரண்டு பக்கமும் போட்டு, ஜெம் கிளிப்பில் ஒரு துண்டு வெட்டி உள்ளே செருகி ஒட்டுங்கள். இடைவெளி தெரிந்தால் பசையின் மேல் சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகும். லேசாகச் சுடும், ஆவி கண்ணைக் கரிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் மணல் காகிதம் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கிறது

ஸ்ப்ரே பிரைமரில் கிளம்பிய துளி பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிட்டது. தூரம் அதிகம், அல்லது வெயில் அதிகம். மதுரை மொட்டை மாடியில் மே மாத மத்தியானம் இது நிச்சயம் நடக்கும். ஒரு சாண் தூரத்துக்கு வாருங்கள், நிழலில் நில்லுங்கள். ஒரே இடத்தில் பிடிக்காமல், பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து அதைக் கடந்து வெளியே போய் முடியுங்கள்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. சென்னையில் காலை ஏழு மணிக்கு அடித்தால் பூச்சு மேல் ஒரு பனித்த தோற்றம் வரும். அது காற்றின் ஈரம். வாயு வெளியேறும்போது டப்பாவும் துளியும் குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. காலை வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று உள்ளே வருவதற்கு முன், பத்து பதினொரு மணி வாக்கில் அடிப்பது என் வழக்கம். மழைக்காலத்தில் ஸ்ப்ரேயை அலமாரியில் வைத்துவிட்டு பிரஷ்ஷால் பூசுகிற பிரைமருக்குப் போய்விடுவதே மேல். வயெஹோ நிறுவனத்தின் பாலியூரித்தேன் பிரைமர் மாதிரி ஒன்றை மெல்லிதாக இரண்டு கோட் பூசி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டு நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும். ஒரு நாள் கழித்து அதே நகம் வழுக்கும்.

இன்னொன்று. ஸ்ப்ரே டப்பாக்களைச் சாதாரண விமானத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் நம்மில் பலர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற வண்டி பிரைமரை வாங்குகிறோம். அது வேலை செய்யும், ஆனால் அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கடிக்கும். கிட்டத்தில் பிடித்துக் கனமாக அடித்தால் முகம் உருகிய மெழுகாகிவிடும். முதலில் வெட்டிப்போட்ட ஸ்ப்ரூ துண்டில் அடித்துப் பாருங்கள்.

சொரசொரப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? லேசாக இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் காய்ந்தபடியே தேய்த்தால் தூள் உதிரும். அதற்கும் மசியவில்லை என்றால் பூச்சு முழுவதையும் கழற்றுவதுதான் வழி. அது கடைசியில் இருக்கிறது.

பிரைமர் காயவே மாட்டேன் என்கிறது

நேற்று அடித்தது இன்றும் விரலில் ஒட்டினால் பொம்மை பெரும்பாலும் பிவிசி. சில ஸ்ப்ரேக்கள் அதன் மேல் என்றைக்குமே முழுதாகக் காய்வதில்லை. கழற்றிவிட்டு, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பிரைமரை பிரஷ்ஷால் பூசுங்கள்.

பெயிண்ட் திட்டுத்திட்டாக உரிகிறது

அடியில் எண்ணெய் இருக்கிறது. ரெசினிலும் உலோகத்திலும் அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுக்குப் பொருள் தங்கியிருக்கும். பாத்திரம் கழுவுகிற திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், டூத்பிரஷ். இந்த மூன்றையும் பிரைமருக்கு முன் ஒரு தடவை பயன்படுத்தியிருந்தால் இந்தப் பத்தியையே படித்திருக்க மாட்டீர்கள். வளைகிற 1:72 மென் பிளாஸ்டிக் சிப்பாய்களில் துப்பாக்கி முனையில் மட்டும் உரிந்தால் காரணம் வேறு. பிளாஸ்டிக் வளைகிறது, பெயிண்ட் வளையவில்லை. அங்கே பிரைமருக்கு முன் ஒரு கோட் நீர்த்த ஃபெவிகால் பூசுகிறவர்கள் உண்டு.

முகத்தின் நுணுக்கம் மூடிப்போய்விட்டது. அல்லது பெயிண்ட் தண்ணீராக ஓடுகிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள், அதனால் சேர்த்தே பார்ப்போம். புதிதாக வருகிறவர்களின் பாதிப் புகார் இதற்குள் அடங்கும்.

டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் பூசினால் கனம். தண்ணீர் சேர்க்கச் சொன்னார்களே என்று சேர்த்தால், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கி மேடு வெறுமையாக நிற்கும். இரண்டாவது நிலைமையில் பெரும்பாலும் கலவை சரியாகவே இருக்கும். பிரஷ்ஷில் ஏறியிருக்கிற அளவுதான் அதிகம். அதைப் பார்க்க ஒரு வழி: பெயிண்டைத் தட்டில் எடுத்து, ஒரு துளி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். பிரஷ் மயிரின் பாதிவரை மட்டும் நனையட்டும். இப்போது பொம்மைக்குப் போகாமல், மடித்த டிஷ்யூ பேப்பரில் பிரஷ்ஷின் வயிற்றுப் பகுதியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். டிஷ்யூவில் ஒரு ஈர வட்டம் விரியும், பிரஷ் நுனி கூர்மையாகும். அப்புறம் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு இழுத்த அகலத்திலேயே நின்று, அடியில் நகத்தின் நிறம் லேசாகத் தெரிந்தால் சரி. நகத்தின் ஓரப் பள்ளத்துக்கு ஓடினால் டிஷ்யூவை மறுபடி தொடுங்கள். பிரஷ் தடம் வரிவரியாக நின்றால் இன்னும் ஒரு துளி தண்ணீர்.

அந்தக் கோடு மங்கலாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு கோட்டில் மூடுகிற பெயிண்ட் முகத்தையும் மூடிவிடும். மெல்லிதாக இரண்டு, வேண்டுமானால் மூன்று. முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது போனால் அடியில் உள்ளது பெயர்ந்து ஓட்டை விழும். அந்த நேரத்தில் அடுத்த பொம்மையின் பெல்ட்டைப் பூசுங்கள். ஐந்தாறு பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரே நிறத்தை எல்லாவற்றிலும் முடிப்பதில் இந்த லாபம் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது.

கைவினைக் கடைகளில் கிடைக்கிற, துணிக்கான அக்ரிலிக்கை வைத்து இந்தச் சோதனை தேறாது. துணியோடு வளைய வேண்டும் என்பதற்காக அதை ரப்பர் தன்மையோடு செய்கிறார்கள். அடித்தளத்துக்கும் கட்டடங்களுக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு மட்டுமாவது மினியேச்சர் பெயிண்ட் வாங்குங்கள். மூடி திறக்கிற டப்பாவைவிடச் சொட்டு பாட்டில் நம் வெயிலுக்குத் தாங்கும் என்பது என் கட்சி. மூடியின் விளிம்பில் காய்ந்த பெயிண்ட் சேர்ந்தால் டப்பா இறுக மூடாது, கோடையில் உள்ளே ரப்பர்க் கட்டிதான் மிஞ்சும்.

மஞ்சளும் வெள்ளையும் மூடவே மாட்டேன் என்கிறது

கறுப்பு பிரைமர் மேல் நேராக மஞ்சள் பூசினால் ஆறாவது கோட்டிலும் பச்சை கலந்த அழுக்குதான் வரும். அந்த நிறமியின் இயல்பு அது. முதலில் காவி அல்லது வெளிர்பழுப்பு, அதன் மேல் மஞ்சள். சிவப்புக்கு அடியில் பழுப்பு அல்லது ரோஜா நிறம். வெள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிப் பொரிந்தால், வெளிர்சாம்பலிலோ தந்த நிறத்திலோ ஆரம்பித்து, மேடுகளில் மட்டும் சுத்த வெள்ளை வையுங்கள்.

நிழல் வண்ணம் காய்ந்ததும் வளையமாகக் கறை நிற்கிறது

தட்டையான இடத்தில் வாஷ் (பள்ளத்தில் நிழல் காட்டப் பூசுகிற நீர்த்த வண்ணம்) தேங்கி, ஓரத்திலிருந்து காய்ந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ் நுனியை அந்தக் குட்டையில் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். பாதி காய்ந்துவிட்டதா, தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு அடிநிறத்தால் மேட்டை மட்டும் திருத்துங்கள். நீர்க்கச் செய்யத் தண்ணீருக்குப் பதில் அதற்கான மீடியம் சேர்த்தால் வளையம் குறையும். தண்ணீர்தான் சேர்ப்பேன் என்றால் கேன் தண்ணீர் சேருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, கறுத்த நிழலில் வெள்ளைப் புள்ளியாகக் காயும்.

அடிநிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தருகிற, 2019-ல் சிட்டடெல் நிறுவனம் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். இதில் ஒரு தனிக் கேஸ் உண்டு: மேலே வேறு நிறம் பூசியதும் அடியிலுள்ள நிறம் கரைந்து மேலே ஏறிவந்தால், கையிலிருப்பது ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் இதே வகையான 2022 ஸ்பீட்பெயிண்ட் முதல் பதிப்பா என்று பாருங்கள். அது ஈரம் பட்டால் மறுபடி கரையும். 2023-ல் வந்த 2.0-வில் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். பழையதை வைத்திருப்பவர்கள் இடையில் ஒரு கோட் வார்னிஷ் போட்டுவிட்டு மேலே போகலாம்.

பிரஷ் நுனி இரண்டாகப் பிரிகிறது

உலோகக் குழாய்க்குள் பெயிண்ட் ஏறிக் காய்ந்திருக்கிறது. சோப்பை உள்ளங்கையில் தேய்த்து, நிறம் வருவது நிற்கும்வரை சுழற்றி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். சிந்தெடிக் பிரஷ்ஷின் நுனி கொக்கி மாதிரி வளைவது வேறு. அது வெந்நீரில் கொஞ்ச நாளைக்கு நிமிரும், மறுபடி வளையும். அதை உலோக நிறங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். உலோக நிறத்துக்குத் தண்ணீர்க் குவளையும் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் சிப்பாயின் கன்னத்தில் வெள்ளித்தூள் மினுக்கும்.

வார்னிஷ் அடித்ததும் பொம்மை முழுக்க வெள்ளைப் புகை

இதுதான் வயிற்றைக் கலக்குகிற அறிகுறி, ஏனென்றால் எல்லா வேலையும் முடிந்த பிறகு வருகிறது. ஆனால் பெரும்பாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேட் வார்னிஷ்ஷில் பளபளப்பைக் கொல்வதற்காக ஒரு நுண்தூள் கலந்திருக்கும். டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டால் அது கட்டியாக வெளியே வரும். காற்றில் ஈரம் இருந்தாலோ, ஒரே மூச்சில் கனமாக அடித்தாலோ, பூச்சுக்குள் ஈரம் சிக்கி ஒளியைச் சிதறடிக்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான்.

தேய்க்காதீர்கள், மேலே பெயிண்ட் பூசாதீர்கள். ஒரு நாள் விட்டு, பிரஷ்ஷால் பூசுகிற பளபள வார்னிஷ்ஷை மறைவான இடத்தில், அங்கியின் பின்பக்கத்திலோ அடியிலோ, ஒரு தொடு தொட்டுப் பாருங்கள். அது சொரசொரத்த பரப்பை நிரப்பி மட்டமாக்கும், பெரும்பாலும் நிறம் அங்கேயே திரும்பிவரும். வந்தால் முழுவதும் பூசி, காய்ந்ததும் மெல்லிதாக மேட் வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். வரவில்லை என்றால் பெயிண்டுக்குள்ளேயே கட்டி பதிந்திருக்கிறது, அந்த இடங்களைத் திரும்பப் பூச வேண்டியதுதான்.

இனி அடிப்பதற்கு முன், அதே நாள் அதே இடத்தில், கறுப்புப் பெயிண்ட் பூசிய ஐஸ்கிரீம் ஸ்பூனில் முதலில் அடித்துக் கால் மணி நேரம் பொறுங்கள். ஸ்பூன் வெளுத்தால் அன்றைக்கு வேண்டாம். வாள், கவசம் மாதிரி மினுங்க வேண்டிய இடங்களுக்கு மேட் வார்னிஷ் முடிந்தபின் ஒரு தொடு பளபள வார்னிஷ் வைத்தால் மினுக்கு திரும்பும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் முனைகளில் பெயிண்ட் தேய்கிறது

உலோகப் பொம்மைகளில் இது அதிகம். பளபள வார்னிஷ் முதலில், அதன் மேல் மேட். பொம்மையை அடித்தளத்தைப் பிடித்துத் தூக்கும்படி எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது அதைவிடப் பயன் தரும், அவர் கேட்டால்.

எதுவும் தேறவில்லை, கழற்றத்தான் வேண்டும்

பழைய கைமாறிய பொம்மைகள் நாலு கோட் எனாமலோடு வரும்போதும் இதே வேலைதான். உலோகம் என்றால் அசிட்டோனில் போட்டு மூடி வைக்கலாம், தீயிலிருந்து தள்ளி. பிளாஸ்டிக்கில் அசிட்டோனோ என்சி தின்னரோ பட்டால் பொம்மையே கரைந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், மூடி உள்ள டப்பா, சில மணி நேரம், டூத்பிரஷ். ரெசினை அதில் இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், மிருதுவாகிவிடும். அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் பலர் டெட்டாலைப் பயன்படுத்துகிறார்கள், அது நம் ஊர் மருந்துக் கடையிலும் இருக்கிறது. நீர்க்காமல் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டால் பெயிண்ட் தோலாகக் கழன்று வரும். ஊறிய பொம்மையை நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோனால், பெயிண்ட் கூழாகிப் பிசின் மாதிரி எல்லா இடுக்கிலும் அப்பிக்கொள்ளும். முதல் தேய்ப்பையும் அலசலையும் டெட்டாலிலேயே முடியுங்கள், சுத்தமாகத் தெரிந்த பிறகு சோப்புத் தண்ணீர். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் யாருக்கும் அடிபடவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.